பல நோய்கள், பல தேவைகள், ஒரே மனிதர்: சிங்கப்பூரில் அக்கம்பக்கப் பராமரிப்பை ஒழுங்குபடுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் ஈரறை வாடகை வீட்டில் தனியாக வசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நீரிழிவு அவருக்கு இருபது ஆண்டுப் பழக்கம், ஒரு கால்விரலை எடுத்தாகிவிட்டது, சிறுநீரகம் பழுதுபட்டதால் வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் படுத்திருக்கிறார், மனைவி இறந்தபின் யாருடனும் அதிகம் பேசுவதில்லை, மகனோடு பேச்சுவார்த்தை நின்றுவிட்டது, மின்கட்டணம் பாக்கி. இவருடைய சர்க்கரையைப் பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) பார்க்கிறது, கால் புண்ணை மருத்துவமனை பார்க்கிறது, சிறுநீரகத்தைச் சுத்திகரிப்பு நிலையம் பார்க்கிறது, பணமுடையைச் சமூகச் சேவை அலுவலகம் பார்க்கிறது. ஆளை முழுதாகப் பார்ப்பவர் யார் என்று கேட்டால்தான் எல்லாரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள்.

சிங்கப்பூரில் சேவைகளுக்குப் பஞ்சமில்லை. 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டம், நாற்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவரையும் ஒரு குடும்ப மருத்துவரோடு இணைக்க முற்படுகிறது. அதே ஆண்டு நவம்பரில் வந்த ஏஜ் வெல் எஸ்ஜி, மூத்தோர் தங்கள் வீட்டிலேயே, தங்கள் பேட்டையிலேயே முதுமையைக் கழிக்க வழிசெய்கிறது. 2030ஆம் ஆண்டுக்குள் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியிருப்பார் என்பதால் இந்த ஏற்பாடுகள் இன்னும் பெருகும். ஆனால், நோயும் வறுமையும் தனிமையும் ஒன்றாகச் சேர்ந்துகொண்ட மனிதருக்கு, இன்னொரு சேவையைச் சேர்ப்பதால் மட்டும் நிலைமை சீராவதில்லை. ஏற்கெனவே இருக்கும் பத்துச் சேவைகளின் நுனிகளையும் ஒருவர் கையில் பிடித்திருக்க வேண்டும். அந்த ஒருவராக மாற நினைக்கும் குடும்பத்தினர், அண்டை வீட்டார், தொண்டூழியர், கோயில் அல்லது பள்ளிவாசல் குழுவினர் ஆகியோருக்காகவே இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது.

யாருக்கு இது தேவை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

முதியவர் என்றாலே சிக்கலான தேவை உடையவர் என்று பொருளில்லை. காலையில் பூங்காவில் நடந்து, மாலையில் அக்கம்பக்க முதியோர் கூடும் துடிப்பாக மூப்படையும் நிலையத்தில் கேரம் ஆடுபவருக்கு ஒருங்கிணைப்பாளர் தேவையில்லை. அவரைத் தொந்தரவு செய்யாமலிருப்பதே நல்லது. இரண்டு அல்லது மூன்று நாள்பட்ட நோய்கள் இருந்து, அவற்றோடு தனிமை, கடன், மனநலக் குறைவு, மறதி, குடி, குடும்பப் பூசல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றாவது சேர்ந்து, அதன் விளைவாக மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அடிக்கடி போய்வருபவரே நாம் தேடும் ஆள். அவர் முதியவராகத்தான் இருக்க வேண்டும் என்பதுமில்லை. பக்கவாதம் வந்து வேலையிழந்த நாற்பத்தைந்து வயதுக்காரரும், மனச்சிதைவு நோயுள்ள மகனை வைத்திருக்கும் தாயும் இதே வரிசையில் நிற்பவர்கள்தான்.

இந்த இடத்தில் அமெரிக்க அனுபவம் ஒன்றைத் தெரிந்துகொள்வது பயன்தரும். நியூ ஜெர்சி மாநிலத்தின் கேம்டன் நகரில் ஜெஃப்ரி பிரென்னர் என்ற மருத்துவர் 2002இல் ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார். மருத்துவமனைக் கணக்குகளை ஆராய்ந்து, மிகக் குறைவான சிலரே மிக அதிகமாக மருத்துவமனைக்கு வருகிறார்கள் என்று கண்டறிந்து, தாதியும் சமூக ஊழியரும் அடங்கிய குழுவை அவர்கள் வீட்டுக்கே அனுப்பினார். உலகெங்கும் பாராட்டப்பட்ட இந்த முறையை 800 நோயாளிகளை வைத்து முறைப்படி சோதித்த ஆய்வு 2020 ஜனவரியில் வெளியானபோது, ஆறு மாதத்திற்குள் மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தோர் விகிதம் திட்டத்தில் இருந்தவர்களிடையே 62.3 விழுக்காடாகவும் இல்லாதவர்களிடையே 61.7 விழுக்காடாகவும் இருந்தது. அதாவது, வேறுபாடே இல்லை.

இதைப் படித்துவிட்டு ஒருங்கிணைப்பால் பயனில்லை என்று முடிவுக்கு வந்துவிடக்கூடாது. ஆனால், ஆய்வு சொல்லும் இரண்டு செய்திகளைத் தட்டிக்கழிக்கவும் கூடாது. மிக மோசமான நிலையில் ஒருவரைப் பிடித்தால், நாம் எதுவும் செய்யாவிட்டாலும் அடுத்த சில மாதங்களில் அவர் மருத்துவமனைக்குப் போவது ஓரளவு குறையவே செய்யும். அதை நம் சாதனையாக எண்ணிக்கொள்வது எளிது. அதைவிட முக்கியமானது மற்றொன்று. இணைத்துவிடுவது மட்டுமே நம் வேலை என்றால், இணைக்கப்படும் இடத்தில் வீடோ உணவோ சிகிச்சையோ உண்மையிலேயே இருக்க வேண்டும். கேம்டனில் பலருக்கு நிலையான வீடில்லை. திட்டமிட்ட நாள்களுக்குள் வீட்டுக்குச் செல்வதும் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் பலர் விஷயத்தில் நடக்கவில்லை. சிங்கப்பூரில் வாடகை வீடும் மானிய மருத்துவமும் இருப்பதால், நம்முடைய தொடக்கப்புள்ளி அவர்களுடையதைவிட நல்ல நிலையில் இருக்கிறது. அதை வீணாக்காமலிருப்பதே நம் பொறுப்பு.

முதல் படி: படிவத்தை எடுக்காமல் உட்கார்ந்து கேளுங்கள்

முதல் சந்திப்பில் பேனாவை எடுக்க வேண்டாம். “ஐயா, கால் எப்படி இருக்கு?” என்று தொடங்கினால் “நல்லா இருக்குப்பா” என்ற பதில்தான் வரும், அத்துடன் பேச்சு முடிந்துவிடும். “ஐயா, நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்டால், காலையில் வாங்கிய பரோட்டாவில் பாதியை மிச்சம் வைத்து இரவு தின்றது, சுத்திகரிப்பு முடிந்து வந்த நாளில் நிற்கவே முடியாமல் படுத்துவிட்டது, இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமலே தூங்கிவிட்டது என ஒவ்வொன்றாக வெளிவரும். இந்தக் கடைசிச் செய்தி அவருடைய மருத்துவருக்குத் தெரிந்திருக்காது. இரவில் சர்க்கரை அளவு தாழ்ந்து மயங்கி விழுவதற்கான காரணம் அதில்தான் இருக்கிறது.

அவருக்கு என்ன வேண்டும் என்பதையும் அப்போதே கேட்க வேண்டும். நாம் சர்க்கரை அளவைக் குறைக்கப் போயிருப்போம். அவரோ வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போக முடியவில்லையே என்று வருந்திக்கொண்டிருப்பார். அந்த விருப்பத்தை முன்வைத்துத் திட்டம் தீட்டினால், செருப்பு, சக்கரநாற்காலி, புண்ணைக் கட்டுவது, சுத்திகரிப்பு நாள்களை மாற்றுவது எல்லாமே அவருக்குப் பொருளுள்ளதாகிவிடும். மருத்துவ இலக்கை மட்டும் முன்வைத்தால், தலையாட்டிவிட்டு மறுநாள் கதவைத் திறக்கமாட்டார்.

சிங்கப்பூர்த் தமிழ் முதியவர்களிடையே ஒரு தனி வகையினர் இருக்கிறார்கள். செம்பவாங் கடற்படைத் தளத்திலும் துறைமுகத்திலும் உழைத்து, ஊருக்குப் பணம் அனுப்பி, கடைசியில் ஊரும் இல்லாமல் இங்கே குடும்பமும் இல்லாமல் தனித்துப்போன ஆண்கள் அவர்கள். உதவி கேட்பதைக் கௌரவக் குறைவாகக் கருதும் இவர்களிடம் “உங்களுக்கு உதவி தேவையா?” என்று கேட்கவே கூடாது. இவர்களுக்கு வரும் கடிதங்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் பிரிக்கப்படாமலே மேசையில் கிடக்கும்; அவற்றைப் படித்துச் சொல்வதாகத் தொடங்கினால் மற்றவை தாமாக வரும்.

ஒப்புதலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். அவருடைய விவரங்களை எந்தெந்த அமைப்புகளுடன் பகிரலாம், மகனிடம் சொல்லலாமா கூடாதா என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாம் படி: ஒரே தாளில் முழு மனிதர்

இரண்டாம் சந்திப்பில் ஒரு தாள் தயாராக வேண்டும். ஒரே தாள், இரு பக்கம். அதற்கு மேல் போனால் யாரும் படிக்கமாட்டார்கள். பெயர், பேசும் மொழி, நோய்கள், ஒவ்வாமை, மருத்துவர்கள், அடுத்த சந்திப்புத் தேதிகள், அவசரத்தில் அழைக்க வேண்டியவர், வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது, அவருடைய விருப்பம் ஆகியவை முன்பக்கத்திலும், மருந்துகளும் அன்றாடச் செயல்களும் வருமானமும் பின்பக்கத்திலும் இருக்கட்டும்.

மருந்துகளை எழுதும்போது பட்டியலை நம்பாதீர்கள், பையைக் கேளுங்கள். பலதுறை மருந்தகப் பை, மருத்துவமனைப் பை, தனியார் மருந்தகப் பை என்று குறைந்தது மூன்று வெளிவரும். அலமாரியின் மேல்தட்டில் இன்னொன்று இருக்கும். எல்லாவற்றையும் மேசையில் கொட்டிப் பார்த்தால், ஒரு பையில் நார்வாஸ்க் என்றும் இன்னொரு பையில் அம்லோடிபின் என்றும் எழுதிய மாத்திரைகள் இருக்கக்கூடும். இரண்டும் ஒரே இரத்த அழுத்த மருந்து; பெயரும் நிறமும் வேறாக இருப்பதால் இரண்டையும் விழுங்கிவிட்டு, எழுந்து நிற்கும்போது தலைசுற்றுகிறது என்பார். குளிர்பதனப் பெட்டியின் கதவில் காலாவதியான இன்சுலின் பேனா இருக்கலாம். தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவில் மருத்துவர் பலவற்றைப் பார்த்துக்கொள்ள முடியும் என்றாலும், லிட்டில் இந்தியாவில் டெக்கா பக்கம் வாங்கிய சூரணம் அதில் ஏறியிருக்காது. எதையும் நீங்களாக நிறுத்தச் சொல்லக்கூடாது. பையை அப்படியே தூக்கிக்கொண்டு மருந்தாளரிடம் போவதுதான் வழி.

அன்றாடச் செயல்கள் என்று சுகாதாரத் துறையினர் குறிப்பிடுவது ஆறு: குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிவறையைப் பயன்படுத்துவது, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது. இவற்றில் எதற்கெல்லாம் மற்றவர் கை தேவைப்படுகிறது என்பதைக் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள். “எல்லாம் நானே செய்துக்குவேன்” என்று அவர் சொல்வார். குளியலறைச் சுவரில் அவர் பிடித்துப் பிடித்துக் கறையான இடத்தைப் பார்த்தால் உண்மை தெரியும். பணம் சம்பந்தப்பட்ட பல உதவிகளும் இந்த ஆறு செயல்களைக் கணக்கில் வைத்தே தீர்மானிக்கப்படுவதால், இங்கே வீம்புக்காகச் சொல்லும் ஒரு பொய் மாதந்தோறும் சில நூறு வெள்ளியை இழக்கச் செய்துவிடும்.

மூன்றாம் படி: பொறுப்பேற்கும் ஒருவரைத் தீர்மானியுங்கள்

இவ்வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டுமே செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். எல்லா அமைப்புகளும் அழைக்க வேண்டிய ஒரு தொலைபேசி எண், எல்லாத் தகவலும் வந்து சேரும் ஓர் ஆள். அவர் தொழில்முறை ஊழியராக இருந்தால் மிகவும் நல்லது. ஏற்கெனவே குடும்பச் சேவை நிலையத்தின் சமூக ஊழியர் தொடர்பில் இருந்தால் அவரையே கேளுங்கள். கால் புண்ணுக்காக வட்டாரத்தின் சமூகத் தாதி வந்துகொண்டிருந்தால் அவரைக் கேளுங்கள். சாவ் அறநிறுவனம் வாம்போவில் நடத்திவரும் முதியோர் திட்டத்தில் இப்படிப்பட்ட பராமரிப்பு மேலாண்மையே நடுத்தூண். மருத்துவமும் சமூக உதவியும் ஒரே குழுவின் மேற்பார்வைக்குள் வருகின்றன. வெளிநாட்டில் இதற்கு முன்னோடி, 1971இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் சைனாடவுனில் தொடங்கிய ஆன் லோக். தாதிமை இல்லத்திற்குப் போக வேண்டிய நிலையிலுள்ள முதியவர்களைப் பகல்நேர நிலையத்திற்கு அழைத்துவந்து, மருத்துவர், தாதி, உடற்பயிற்சியாளர், சமூக ஊழியர் அனைவரும் ஒரே குழுவாகக் கவனித்துக்கொண்டார்கள். சிங்கப்பூரில் ஸ்பைஸ் என்ற பெயரில் வந்த முதியோர் ஒருங்கிணைந்த பராமரிப்புத் திட்டமும் அந்த வழியைத்தான் பின்பற்றியது.

குடும்பத்திலிருந்து ஒருவர் பொறுப்பேற்பதாக இருந்தால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் குளிப்பாட்டி மருந்து கொடுப்பவர் மகள் அல்லது மருமகளாகவும், மருத்துவர் முன் உட்கார்ந்து முடிவு சொல்பவர் மூத்த மகனாகவும் இருப்பது வழக்கம். அம்மா இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறார் என்பது அந்த மகனுக்குத் தெரியாது. வேலையைச் செய்பவரே பேசட்டும். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

நான்காம் படி: எந்தக் கதவை எதற்காகத் தட்டுவது

எல்லாக் கதவையும் ஒரே வாரத்தில் தட்டினால், ஒரே கதையைப் பெரியவர் ஆறு பேரிடம் சொல்ல வேண்டியிருக்கும். ஏழாவது ஆளை அவர் விரட்டிவிடுவார். வரிசை முக்கியம். கூரையும் உணவும் ஆட்டம் காணும்போது சமூகச் சேவை அலுவலகத்தைத்தான் முதலில் நாட வேண்டும். வருமானம் குறைந்தோருக்கான காம்கேர் உதவித்தொகை, வாடகை பாக்கி, அவசரச் செலவு ஆகியவற்றுக்கு அதுவே வாசல், அதன் உதவித் தொலைபேசி எண் 1800-222-0000. வீட்டுக்கு வந்து தாதிமைச் சேவை, குளிப்பாட்டும் ஊழியர், வீட்டுக்கு வரும் உணவு, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் வாகனம், பகல்நேரப் பராமரிப்பு ஆகிய எதுவானாலும் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பான ஏஐசியை அணுகலாம், எண் 1800-650-6060. குடும்பத் தகராறு, பிள்ளைகளின் பராமரிப்பு, நீண்டகால ஆலோசனை என்றால் குடும்பச் சேவை நிலையம். வீட்டில் அடிதடியோ அலட்சியமோ இருந்தால் தேசிய வன்முறைத் தடுப்பு உதவித் தொலைபேசி 1800-777-0000.

மனச்சோர்வு, மறதி, சந்தேகக் குணம் போன்றவற்றுக்கு, மனநல மருத்துவமனையான மனநலக் கழகத்திற்குத்தான் போக வேண்டும் என்று அஞ்சிப் பலர் எங்குமே போகாமல் இருந்துவிடுகிறார்கள். அக்கம்பக்கத்திலேயே கிரெஸ்ட் எனப்படும் வெளிக்களக் குழுக்களும் கோமிட் எனப்படும் ஆலோசனைக் குழுக்களும் இயங்குகின்றன. கோமிட் குழுவினர் வீட்டுக்கே வந்து பேசுவார்கள். முதுமை மறதிக்கு டிமென்ஷியா சிங்கப்பூர் என்ற அமைப்பு இருக்கிறது.

தமிழ்க் குடும்பங்களுக்குச் சிண்டா எனப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் கூடுதலான ஒரு கதவு. 1991இல் தொடங்கப்பட்ட அந்த அமைப்பைப் பலரும் துணைப்பாட வகுப்புகளோடு மட்டும் சேர்த்து நினைக்கிறார்கள். அதனிடம் குடும்பச் சேவை நிலையமும் இருக்கிறது. தமிழ் பேசும் சமூக ஊழியர் ஒருவர் முதல் உரையாடலில் உடனிருந்தால், பின்னால் மற்ற அமைப்புகளுக்கு விளக்குவது பாதி எளிதாகிவிடும். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று மருத்துவமனையிடம் கேட்பதில் எந்தத் தயக்கமும் வேண்டாம். பத்து வயதுப் பேரனை வைத்து மொழிபெயர்ப்பதைத்தான் தவிர்க்க வேண்டும்.

ஐந்தாம் படி: பணத்தை ஒரே மூச்சில் தீர்த்துவிடுங்கள்

உதவித் திட்டங்கள் தனித்தனியாக இருந்தாலும் அவற்றில் பலவற்றுக்கு அடிப்படை ஒன்றே: ஆறு அன்றாடச் செயல்களில் குறைந்தது மூன்றுக்கு மற்றவர் உதவி தேவை என்று தகுதிபெற்ற மதிப்பீட்டாளர் சான்றளிக்க வேண்டும். ஆகவே, ஒரு மதிப்பீட்டைச் செய்துகொண்டு, தகுதியுள்ள அனைத்துக்கும் சேர்த்து விண்ணப்பிப்பதுதான் புத்திசாலித்தனம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அலைந்து களைத்துப்போய்ப் பாதியில் விட்டவர்கள் ஏராளம்.

வீட்டிலேயே பராமரிக்கப்படுபவருக்கான பராமரிப்பு மானியம் 2019இல் மாதம் 200 வெள்ளியாகத் தொடங்கி, 2023 மார்ச்சில் 400 வெள்ளி வரை உயர்ந்து, 2026 ஏப்ரல் முதல் 600 வெள்ளி வரை கிடைக்கும் என அறிவிக்கப்பட்டது. குடும்பத்தின் தனிநபர் வருமானத்தைப் பொறுத்து தொகை மாறும். தாதிமை இல்லத்தில் தங்கியிருப்பவர்களுக்கு இது கிடையாது. கேர்ஷீல்டு லைஃப் காப்புறுதி 2020 அக்டோபரில் தொடங்கியது. அவ்வாண்டு மாதம் 600 வெள்ளியாக இருந்த தொகை ஆண்டுதோறும் உயர்கிறது, உடற்குறை நீடிக்கும்வரை வாழ்நாள் முழுவதும் கிடைக்கிறது. பெரியவர்கள் பலர் அதில் இல்லாவிட்டாலும் 2002இல் வந்த எல்டர்ஷீல்டு காப்புறுதியில் இருக்கிறார்கள்: அதில் ஐந்தாண்டுக்கு மாதம் 300 வெள்ளி அல்லது ஆறாண்டுக்கு மாதம் 400 வெள்ளி. தங்களிடம் இந்தக் காப்புறுதி இருப்பதே தெரியாமல் பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் கோராமல் விட்டிருக்கின்றன. ஆகவே பழைய மசேநி (மத்திய சேமநிதி) கடிதங்களைத் தூக்கிப்போடுவதற்கு முன் பாருங்கள். எதிலும் சேராத, வருமானம் குறைந்த சிங்கப்பூரர்களுக்கு எல்டர்ஃபண்ட் மாதம் 250 வெள்ளி வரை தருகிறது. மெடிசேவ் எனப்படும் மருத்துவச் சேமிப்புக் கணக்கில் பணமிருந்தால் மெடிசேவ் கேர் வழியாக மாதம் 200 வெள்ளி வரை ரொக்கமாக எடுக்கலாம்.

பணிப்பெண் வைத்திருந்தால் அரசுக்குக் கட்டும் தீர்வையை மாதம் 300 வெள்ளியிலிருந்து 60 வெள்ளியாகக் குறைக்கும் சலுகையைக் கேளுங்கள். சக்கரநாற்காலி, கழிவறை நாற்காலி, பேம்பர்ஸ் போன்றவற்றுக்கு மூத்தோர் நடமாட்ட நிதி உண்டு. குளியலறைக் கைப்பிடிகளையும் வழுக்காத தரையையும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) ஈஸ் திட்டத்தின் கீழ் பெரும் மானியத்தில் பொருத்தித் தருகிறது. வாடகை வீட்டில் இருப்பவர் வீவக கிளை அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

ஆறாம் படி: வாரத்தை வரைந்து சுவரில் ஒட்டுங்கள்

நம் பெரியவரின் வாரம் ஏறத்தாழ இப்படி அமையலாம். திங்கள், புதன், வெள்ளி காலை சுத்திகரிப்பு. போக வாகனம், திரும்பி வரும்போது களைத்திருப்பார் என்பதால் அந்த மூன்று நாளும் மதிய உணவு கதவுக்கே வர வேண்டும். செவ்வாயன்று சமூகத் தாதி புண்ணைப் பார்த்துக் கட்டு மாற்றுகிறார். வியாழனன்று கீழ்த்தளத்தில் உள்ள துடிப்பாக மூப்படையும் நிலையத்திற்கு ஒரு மணி நேரம். அறுபது வயதைத் தாண்டிய யாரும் அங்கே போகலாம். வெள்ளிக்கிழமைக் கோயில்தான் அவருடைய ஆசை என்பதால், அந்தச் சுத்திகரிப்பு நாளை மாற்ற முடியுமா என்று நிலையத்திடம் கேட்பது பொறுப்பாளரின் முதல் வேலை. மாற்ற இயலாவிட்டால், அன்று மாலை பூசைக்குச் சக்கரநாற்காலியில் கூட்டிப்போக ஒரு தொண்டூழியர் வேண்டும். அன்னதானத்தில் சோற்றை அளவாக வைக்கச் சொல்லலாம். பழமும் தேங்காயும் பொட்டாசியம் மிகுந்தவை என்பதால் சுத்திகரிப்பு செய்துகொள்பவர் அவற்றை எவ்வளவு உண்ணலாம் என்பதை நிலையத்தின் உணவு ஆலோசகரிடம் முன்கூட்டியே கேட்டுத் தாளில் எழுதிவிடுங்கள்.

தொழில்முறைச் சேவைகளுக்கு இடையே உள்ள வெற்றிடத்தை அண்டை வீட்டார் நிரப்புகிறார்கள். காலை ஏழு மணிக்கு ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பார்ப்பது எதிர்வீட்டு அக்காவுக்கு அரை நிமிட வேலை. திறக்காவிட்டால் யாரை அழைப்பது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். காப்பிக்கடைக்காரரிடம் “ஐயாவுக்கு கோப்பி ஓ கோசோங்” (பாலும் சீனியும் இல்லாத காப்பி) என்று ஒருமுறை சொல்லிவைத்தால் போதும். மருத்துவர் பத்து முறை சொல்லி நடக்காத சீனிக் குறைப்பு அங்கே நடந்துவிடும்.

தொண்டூழியர்களுக்குச் சில எல்லைகள் கண்டிப்பாக வேண்டும். பெரியவரின் வங்கி அட்டை, அரசின் மின்னியல் அடையாளமான சிங்பாஸின் கடவுச்சொல், கையெழுத்திட்ட வெற்றுத்தாள் ஆகியவற்றைத் தொடவே கூடாது, அவரே வற்புறுத்தினாலும். இன்சுலின் ஊசியைத் தொண்டூழியர் போடக்கூடாது. இருவராகப் போங்கள், வர முடியாத வாரத்தில் முன்கூட்டியே சொல்லுங்கள். வருவதாகச் சொல்லி வராமல் போவது, தனிமையில் இருப்பவரை நோயைவிட மோசமாகத் தாக்கும்.

ஏழாம் படி: மருத்துவமனையிலிருந்து திரும்பும் வாரங்கள்

எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் ஒருநாள் அவர் மருத்துவமனையில் சேர்வார். ஏற்பாடுகள் குலைவது பெரும்பாலும் அவர் வெளியே வரும் நாளில்தான். வீட்டுக்கு அனுப்பப்போகும் காலையில் ஓடிப்போய்க் கெஞ்சுவதில் பயனில்லை. அனுமதிக்கப்பட்ட மறுநாளே வார்டின் மருத்துவச் சமூக ஊழியரைச் சந்தித்து, அந்த ஒரு தாளைக் கையில் கொடுத்து, இவர் தனியாக வசிக்கிறார், குளிப்பதற்கு உதவி தேவை, சுத்திகரிப்பு நாள்கள் இவை என்று சொல்லிவிட வேண்டும். நேராக வீட்டுக்குப் போவதா, சில வாரம் சமூக மருத்துவமனையில் தங்கி உடலைத் தேற்றிக்கொள்வதா என்ற முடிவு அப்போதுதான் நிதானமாக எடுக்கப்படும். 2024 ஏப்ரல் முதல், வார்டில் கிடைக்கும் சிகிச்சையை வீட்டிலேயே தரும் ஏற்பாடும் வழக்கமான சேவையாகியிருக்கிறது. ஆனால், கூடவே ஆளில்லாதவருக்கு அது பொருந்துமா என்று கேட்டுத் தெளிவுபெறுங்கள்.

கிளம்புவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை: எந்த மருந்து புதிது, எது நிறுத்தப்பட்டது, எதன் அளவு மாறியது, அடுத்த சந்திப்பு என்று, புண் எப்படி இருந்தால் அழைக்க வேண்டும், எந்த எண்ணை. வீட்டில் கதவைத் திறக்க யார் இருக்கிறார்கள் என்பதை யாரும் கேட்கமாட்டார்கள், நீங்கள் கேளுங்கள். வீடு வந்து சேர்ந்ததும் முதல் வேலை, நிறுத்தப்பட்ட மருந்துகளைப் பையிலிருந்து எடுத்துத் தனியே கட்டி மருந்தாளரிடம் கொடுக்க எடுத்துவைப்பது. பழைய மாத்திரையும் புதிய மாத்திரையும் ஒரே டப்பாவில் கிடந்தால், வார்டில் செய்த வேலையெல்லாம் ஒரு வாரத்தில் கரைந்துபோகும்.

எட்டாம் படி: பேச முடியும்போதே பேசிவிடுங்கள்

மனத்திறன் தெளிவாக இருக்கும்போதே, தன் சார்பில் யார் முடிவெடுக்கலாம் என்பதை எல்பிஏ எனப்படும் நீடித்த அதிகாரப் பத்திரத்தில் பதிவுசெய்யலாம். 21 வயதான எவரும் செய்யலாம், அங்கீகாரம் பெற்ற மருத்துவர், வழக்கறிஞர் அல்லது மனநல மருத்துவர் சான்றளிக்க வேண்டும். அது இல்லாமல் மறதி முற்றிவிட்டால், குடும்பம் நீதிமன்றம் சென்று பிரதிநிதியை நியமிக்கக் கோர வேண்டிவரும். செலவும் அலைச்சலும் அதிகம். எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதைப் பேசிப் பதிவுசெய்யும் முன்கூட்டிய பராமரிப்புத் திட்டமிடல் வேறு. மருத்துவமனைகளிலும் சில சமூக அமைப்புகளிலும் பயிற்சி பெற்றவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். நம்மவர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் “அபசகுனமா பேசாதே” என்பார்கள். “அப்பா, நாளைக்கு நாங்க சண்டை போட்டுக்கக் கூடாதுன்னுதான் கேக்கறோம்” என்று சொல்லிப் பாருங்கள். அது பெரும்பாலான தகப்பன்மார்களுக்குப் புரியும்.

உயிருக்கு ஆபத்து என்றால் 995. தற்கொலை எண்ணம் தெரிந்தால் 1767. மனநல நெருக்கடிக்கு மனநலக் கழகத்தின் 24 மணி நேர எண் 6389 2222. இவை மூன்றும் சுவரில் ஒட்டிய வாரத்தாளின் அடியில் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

ஒன்பதாம் படி: பராமரிப்பவரையும் கணக்கில் சேருங்கள்

பராமரிப்பாளர் படுத்துவிட்டால் இருவரையும் சேர்த்துப் பார்க்க வேண்டிவரும். பகல்நேரப் பராமரிப்பு நிலையம் வாரத்தில் இரண்டு நாளாவது அவரை விடுவிக்கட்டும். பயிற்சிக்கு ஆண்டுதோறும் மானியம் இருக்கிறது, பணிப்பெண்ணையும் அனுப்பலாம். மனநோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு கேர்கிவர்ஸ் அலையன்ஸ் என்ற அமைப்பு நடத்தும் வகுப்புகள், தம்மைப் போன்ற பிறரைச் சந்திக்கவும் உதவுகின்றன.

பத்தாம் படி: மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருப்பிப் பாருங்கள், தேவையானால் ஒப்படையுங்கள்

எத்தனை முறை போனோம் என்பது கணக்கல்ல. தவறவிட்ட சந்திப்புகள் குறைந்தனவா, இரவில் சர்க்கரை தாழ்ந்து மயங்கியது மீண்டும் நடந்ததா, புண் ஆறியதா, கோயிலுக்குப் போனாரா என்பனவே கேள்விகள். நிலைமை சீரடைந்தால் வருகையைக் குறையுங்கள். தொடர்ந்து போய்க்கொண்டேயிருந்தால் அவரால் செய்ய முடிந்ததையும் நாமே செய்யத் தொடங்கிவிடுவோம். சீரடையாவிட்டால், இன்னொரு தொண்டூழியரைச் சேர்ப்பதற்கு முன், வீடோ வருமானமோ மருந்தோ எது இன்னும் ஓட்டையாக இருக்கிறது என்று தேடுங்கள்.

அவர் வீடு மாறினால் பல கதவுகளும் மாறிவிடும். சமூகச் சேவை அலுவலகம், குடும்பச் சேவை நிலையம், துடிப்பாக மூப்படையும் நிலையம் ஆகியவை வட்டாரத்தைப் பொறுத்தவை; பிடோக்கிலிருந்து உட்லண்ட்ஸுக்குப் போனால், பொது மருத்துவமனைகளை வட்டாரவாரியாக நடத்தும் மூன்று சுகாதாரக் குழுமங்களில் வேறொன்றின் எல்லைக்குள் போகிறார், சமூகத் தாதியும் மாறுவார். மாறுவதற்கு ஒரு மாதம் முன்பே ஒவ்வொரு அமைப்புக்கும் புதிய முகவரியைத் தெரிவித்து, உணவும் வாகனமும் எந்தத் தேதியிலிருந்து புதிய வீட்டுக்கு வர வேண்டும் என்பதை உறுதிசெய்துகொண்டு, சுத்திகரிப்பு நிலையத்தில் இடமாற்றத்திற்கு முதலில் விண்ணப்பித்துவிடுங்கள். மற்ற எதுவும் சில நாள் தாமதிக்கலாம், அது தாமதிக்கக்கூடாது. அந்த ஒரு தாளைப் புதுப்பித்து, புதிய பொறுப்பாளரிடம் பெரியவரின் முன்னிலையிலேயே கொடுத்து, முதல் இரண்டு வாரம் உங்கள் தொலைபேசி எண்ணையும் அதில் விட்டுவையுங்கள்.